பதினாலு மூட்டை

உத்தனப்பள்ளியைத் தாண்டி ஓசூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். முதுகில் ஒரு பை, அக்குளில் சுருட்டிய பாய். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஷிஃப்ட் முடிந்தவர்களை ஊர்களில் இறக்கிவிட வரும் கம்பெனி பஸ்கள் எதிரே போயின. ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிற முகங்கள். ஓசூர் போகிற டவுன் பஸ் ஒன்று என் அருகில் வேகம் குறைத்தது. கண்டக்டர் படியில் நின்று "ஏறுப்பா" என்றார். கையாட்டி அனுப்பிவிட்டேன். என் சட்டையின் தோளிலும் முதுகிலும் பறவை எச்சம் சுண்ணாம்பு தெளித்ததுபோலக் காய்ந்திருந்தது. மீன் வாடை வேறு. அதோடு போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன ஏது என்று கேட்பார். அன்றைக்கு யாரும் என்னை எதுவும் கேட்கக் கூடாது என்று இருந்தது.

ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் தக்காளித் தோட்டங்கள் பக்கம் திருப்பிக்கொண்டேன். எனக்கு வேலை கொடுத்த அக்காவின் ஸ்கூட்டர் பன்னிரண்டு மணிக்கே ஓசூருக்குப் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திருப்பினேன்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. அஞ்செட்டிப் பக்கம் மலைக்காட்டில் பிறந்து, ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆற்றில் பரிசல் தள்ளினேன். பிறகு கல்குவாரி, ரோஜாப்பூ கொட்டகை, மாங்கூழ் கம்பெனி, லாரியில் கிளீனர். எங்கேயும் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. ஒரு நாள் காலையில் கால் அரிக்கும், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கைவிரல் ஒன்று குவாரியில் நசுங்கியது, மாங்கூழ் கம்பெனியில் கொதிநீர் பட்டுத் தொடை வெந்தது. அதெல்லாம் வேலையில் நடப்பதுதான். கிளம்பும்போது திரும்பிப் பார்த்ததும் கிடையாது. அந்த ஏரித் திட்டை விட்டு வந்த அன்றைக்குத்தான் அரை மைலுக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். திட்டு எப்போதோ கண்ணுக்கு மறைந்திருந்தது.

அது ஒரு பெரிய ஏரி. ரோட்டிலிருந்து தள்ளி உள்ளே இருக்கிறது, பெயர் வேண்டாம். மாசியில் தண்ணீர் இறங்கும்போது நடுவில் கூழாங்கல்லும் மண்ணுமாக ஒரு திட்டு தலை காட்டும். மரம் கிடையாது, புல்கூடச் சரியாகக் கிடையாது. அந்த மொட்டைத் திட்டுக்கு வருஷாவருஷம் ஆலாக்கள் வந்து முட்டையிடும். சாம்பல் முதுகு, கறுப்புத் தொப்பி, மஞ்சள் மூக்கு, சிவப்புக் கால், பிளந்த வால். தண்ணீருக்கு மேலே நின்று பார்த்துவிட்டுக் கல் விழுவதுபோல விழுந்து மீனைத் தூக்கும். கூடு கட்டாது. நெஞ்சால் மண்ணைக் கொஞ்சம் குழித்து அதில் இரண்டு மூன்று முட்டை வைக்கும். முட்டையும் கல் மாதிரியே இருக்கும். காலடியில் இருந்தாலும் தெரியாது.

அக்கா ஓசூரில் ஒரு வண்டி பாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏரிக்கு வந்துவிடுவார். முதல் நாள் நான் "மேடம்" என்று கூப்பிட்டதும், "மேடமெல்லாம் கம்பெனியிலயே போதும் தம்பி, அக்கான்னே கூப்பிடு" என்றார்.

அவருக்கு ஏன் இந்தப் பறவை மேல் இவ்வளவு என்று ஒரு தடவை கேட்டேன். பரிசலில் திட்டைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

"எங்க அப்பா கடலுக்குப் போறவரு. கரையிலேருந்து ரொம்பத் தூரத்துல ஒரு மணல் தீவு உண்டு. ஆள் இல்லாத தீவு. அங்க இதே ஜாதிப் பறவை, கால் வைக்க எடமில்லாம முட்டை வச்சிருக்குமாம். போட்ல போறவங்க வாளி வாளியா அள்ளிட்டு வருவாங்க. நானும் சின்னப் பிள்ளையில அந்த முட்டைய ஆம்லேட் போட்டுத் தின்னவதான். கொஞ்ச வருஷத்துல தீவு இருந்துச்சு, பறவை இல்ல."

திட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, "கடல்ல நடந்தத இந்த ஏரியில நடக்க விடக் கூடாதுன்னு பாக்கேன். அவ்வளவுதான்" என்றார்.

ஏரியில் பிரச்சினை வாளி இல்லை. தண்ணீர்தான். சித்திரை வரும்போது நீர் இன்னும் இறங்கி, திட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு மண் கழுத்து வெளியே வந்துவிடும். அதோடு திட்டு தீவு இல்லை, கரையோடு சேர்ந்த ஒரு மேடு. ரோட்டோரம் கறிக்கடைக் கழிவு கொட்டுகிற இடத்தில் ஒரு நாய்க்கூட்டம் இருந்தது. முந்தின மூன்று வருஷமும் குஞ்சு பறக்கிற சமயத்துக்குச் சரியாக அந்தக் கூட்டம் கழுத்து வழியாக உள்ளே போய் ஒன்று விடாமல் முடித்துவிட்டிருந்தது. இப்படியே போனால் ஆலாக்கள் இந்த ஏரியை மறந்துவிடும் என்று அக்கா பயந்தார்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, கழுத்தின் குறுக்கே ஒரு வாய்க்கால். பன்னிரண்டு அடி அகலம். அவருடைய கம்பெனி ஆட்கள் ஆறேழு பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து வெட்டினார்கள். மிச்ச நாளெல்லாம் நான் வெட்டினேன். பரிசல் ஓட்டவும் மண் வெட்டவும் தெரிந்த, வீடு வாசல் என்று அவசரம் இல்லாத ஆள் ஒருவன் கரையிலேயே தங்கிக் காவல் இருக்க வேண்டும். அதற்குத்தான் என்னைப் பிடித்தார்கள். கம்பெனி ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சம்பளம் கொடுத்தார்கள்.

கரையில் ஒரு வேலமரத்தடியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டேன். காலையில் முதல் வேலை, பெயின்ட் அடித்து நட்ட குச்சியில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து அக்காவுக்கு ஃபோனில் சொல்வது. நீர் ஒரு விரல் இறங்கினால் வாய்க்காலை இரண்டு விரல் ஆழப்படுத்துவது. அதன் பிறகு காக்கையை விரட்டுவது, திட்டுப் பக்கம் வலை போட வருபவர்களிடம் கெஞ்சுவது. திட்டின் மேல் காலே வைக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் மட்டும், வெயில் ஏறுவதற்கு முன்னால், அக்காவோடு பத்து நிமிஷம். நாம் போனால் தாய் எழுந்துவிடும், அதிக நேரம் நின்றால் முட்டை வெந்துவிடும். மத்தியான வெயிலில் தாய்ப்பறவைகள் போய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து ஈர நெஞ்சோடு முட்டை மேல் உட்காரும். கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எத்தனையோ இடத்தில் வேலை பார்த்திருக்கிறேன், ஒரு வேலையை முழு மத்தியானமும் உட்கார்ந்து பார்க்கத் தோன்றியது அங்கேதான்.

ஒவ்வொரு கூட்டுக்கும் பக்கத்தில் அக்கா ஒரு பச்சை அட்டையைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். கம்பெனியில் சரியான பாகத்துக்குக் கட்டுகிற அட்டை. கெட்டுப்போனதற்குச் சிவப்பு.

"சிவப்பு எடுத்துட்டு வரலையா அக்கா?"

"அத எதுக்கு இங்க கொண்டாரணும்?"

ஏரிப் படுகையில் ஆடு மேய்க்க ஒரு பெரியவர் வருவார். வீட்டில் கன்னடம், ஆட்டிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ். நான் வாய்க்காலில் நின்று சேறு அள்ளுவதைப் பார்த்துத் தினம் ஒரு தடவையாவது சிரிக்காமல் போக மாட்டார்.

"ஆட்டுக்குக் காவல் கேள்விப்பட்டிருக்கேன். தோட்டத்துக்குக் காவல் கேள்விப்பட்டிருக்கேன். முட்டைக்கு ஒரு காவலாப்பா? அதுவும் கோழி முட்டைகூட இல்ல!"

"உங்க ஆடு மட்டும் வராம பாத்துக்குங்கண்ணா, போதும்."

"என் ஆடு உன் சேத்துல கால் வைக்குமா? அதுங்க உன்னைவிட வெவரம்."

அது உண்மை. வாய்க்காலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், அதற்குக் கீழே முழங்கால் அளவு களிச் சேறு. கால் வைத்தால் இழுக்கும். நாய்கள் தினமும் கரை வரை வந்து மோப்பம் பிடித்துவிட்டு, சேற்றில் ஒரு கால் வைத்துப் பார்த்துவிட்டு, உதறிக்கொண்டு திரும்பிவிடும். எழுபது நாளில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் மண் நிறத்தில் உருண்டு திரிந்தன. இறக்கை முளைத்துவிட்டது. "இன்னும் பத்து நாள் தம்பி. பத்து நாள் தாண்டிட்டா பறந்துரும்" என்று அக்கா ஃபோனில் தினமும் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வனத்துறை அதிகாரி பார்க்க வர ஒப்புக்கொண்டார். அவர் பார்த்துவிட்டு எழுதினால் ஏரியில் ஒரு போர்டு வைப்பார்கள், மாசியிலிருந்து வைகாசி வரை திட்டுப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று உத்தரவு வரும், வாய்க்கால் வெட்ட ஆள் கிடைக்கும். கம்பெனி நண்பர்களிடம் வருஷாவருஷம் கையேந்த வேண்டாம். அக்கா இதற்காக இரண்டு வருஷம் அலைந்திருக்கிறார்.

"பரிசல்ல ரெண்டு ரெண்டு பேரா கூட்டிட்டுப் போ. ஓரத்துல நிறுத்திக் காட்டிட்டுத் திருப்பிக் கூட்டியாந்துரு" என்று சனிக்கிழமை சொன்னார்.

எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. பரிசல் பழையது, அடியில் கசியும். பெரிய மனுஷர் பேன்ட் நனைந்து உட்கார்ந்திருப்பாரா? எங்கள் பக்கம் யாராவது பெரியவர் வருகிறார் என்றால் அவர் கால் சேற்றில் படாமல் பலகையோ கல்லோ போட்டு வைப்பதுதான் மரியாதை. குவாரியில் இருந்தபோது முதலாளி வருகிற நாளில் மழைத் தண்ணீரில் வழி போடுகிற வேலை என்னுடையது. அந்த ஒரு வேலையில்தான் என்னை யாராவது பாராட்டியிருக்கிறார்கள். அதனால் சனிக்கிழமை மத்தியானமே ஆரம்பித்தேன். உண்ணிச் செடியைக் கட்டுக்கட்டாக வெட்டிச் சேற்றில் அமுக்கி, அதன் மேல் யூரியா சாக்கில் மணல் நிரப்பி, இரண்டிரண்டாக அடுக்கினேன். மொத்தம் பதினாலு மூட்டை, ஏழு படி. ஏறிக் குதித்துப் பார்த்தேன். அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பார்த்த அக்காவின் முகம் மாறியது. "நான் பரிசல்னு சொன்னேம்லா?"

"ஆபீசருக்கு வசதியா இருக்கட்டும்னுதான்கா."

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. அதிகாரி ஷூவில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் ஏழு படியும் நடந்து போனார். ஆலாக்கள் தலைக்கு மேலே பாய்ந்து பாய்ந்து கத்தின. ஒன்று அவர் தோளில் எச்சமும் போட்டது. அவர் சிரித்தார். நல்ல மனிதர். திரும்பும்போது மூட்டைகளைக் காட்டி, "யார் போட்டது? நல்ல ஏற்பாடு" என்றார். அக்கா என்னைக் கைகாட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

கிளம்பும்போது அக்கா ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துவிட்டு, மறுபடி அணைத்துவிட்டுச் சொன்னார். "சாயங்காலத்துக்குள்ள மூட்டை எல்லாத்தையும் எடுத்துரணும். மறந்துராத."

"எடுத்துடறேன்கா."

வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன பிரியாணிப் பொட்டலம் இரண்டு இருந்தது. இரண்டையும் தின்றேன். எழுபது நாளாகக் களியும் ஊறுகாயும் தின்ற வயிறு. வேலமர நிழலில் படுத்தவன் எழுந்தபோது சூரியன் கரைக்குக் கீழே போயிருந்தது. போய் ஒரு மூட்டையை இழுத்துப் பார்த்தேன். நனைந்து, சேறு பிடித்து, இரண்டு ஆள் கனம். இடுப்பு ஏற்கெனவே போயிருந்தது. காலையில் வெயிலுக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று வந்து படுத்துவிட்டேன். ஒரு ராத்திரி, அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

விடியும் முன்பு ஆட்காட்டிக் குருவி கத்தியது காதில் விழுந்தது. ஆலாக்களும் கத்தின. ஆட்காட்டி எதற்கெடுத்தாலும் கத்தும். புரண்டு படுத்தேன்.

வெளிச்சம் வந்தபோது நாய்கள் மூட்டைகளின் மேல் வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. அதிகாரி நடந்ததுபோலவே, கால் நனையாமல். கல்லை எடுத்துக்கொண்டு ஓடினேன். திட்டில் ஏறியதும் ஆலாக்கள் என் மேல் விழுந்து விழுந்து கொத்தின, எச்சமிட்டன. ஆபத்து வந்தால் அசையாமல் தரையோடு படுத்துக்கொள்வது ஒன்றுதான் அந்தக் குஞ்சுகளுக்குத் தெரியும். மேலே பறக்கிற பருந்துக்கு அது போதும். மோப்பம் பிடிக்கிற நாய்க்கு முன்னால் அது எதற்கும் ஆகாது. தின்றது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் சும்மா கடித்துப் போட்டவை. பச்சை அட்டைகளைக்கூடக் கடித்துத் துப்பியிருந்தன. உயிரோடு ஐந்தோ ஆறோ பார்த்தேன். அதில் இரண்டுக்கு இறக்கை தொங்கியது.

நான் அடுத்துச் செய்ததுதான் இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் ஆறாமல் இருக்கிறது. மூட்டையை எடுக்காதது சோம்பேறித்தனம். சோம்பேறித்தனத்தை எவரும் மன்னிப்பார்கள். நான் அக்காவுக்கு உடனே ஃபோன் செய்யவில்லை. முதலில் வாய்க்காலில் இறங்கினேன். முந்தின நாள் ஒன்றைத் தூக்க முடியாத உடம்பு, அன்றைக்குப் பதினாலையும் தூக்கியது. ஒவ்வொன்றாகக் கரைக்கு இழுத்து, கத்தியால் கிழித்து, மணலைக் கொட்டிப் பரப்பி, சாக்குகளை வேலிமுள்ளில் காயப் போட்டேன். உண்ணிக் கட்டுகளைப் பிடுங்கி ஏரியில் தள்ளினேன். அதற்குப் பிறகுதான் ஃபோன் செய்தேன்.

நிமிர்ந்தபோது ஆட்டுக்காரப் பெரியவர் கரைமேல் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

"நேத்து சாயந்திரம் இருந்துச்சே" என்றார்.

நான் கையில் இருந்த சேற்றைக் கழுவினேன்.

"அந்தம்மா வந்தா என்ன சொல்லுவ?"

"தெரியலண்ணா."

"சொல்றதுன்னா வந்த உடனே சொல்லிடு. கொஞ்சம் தள்ளிப் போட்டீன்னா வராது." ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அக்கா முதல் ஷிஃப்டிலிருந்து அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஒன்பது மணிக்கு வந்தார். திட்டுக்குப் பரிசலில் கூட்டிப் போனேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கடிபட்ட பச்சை அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நம்பர் பார்த்து நோட்டில் கோடு போட்டார். முடித்துவிட்டுக் கரைக்கு வந்து வேலமரத்தடியில் என் எதிரே உட்கார்ந்தார்.

"எங்க கம்பெனியில ஒரு பார்ட் கெட்டுப் போச்சுன்னா யாரையும் திட்டக் கூடாதுன்னு வச்சிருக்கோம். அஞ்சு தடவை ஏன்னு கேக்கணும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு ஏன். அஞ்சாவதுல வேர் கெடைக்கும். அதச் சரி பண்ணிட்டா மறுபடி நடக்காது. இங்கயும் அப்படியே பாப்போம். யார் மேலயும் கோவம் இல்ல, என்ன?"

நோட்டில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டார்.

"ஒண்ணு. குஞ்செல்லாம் ஏன் செத்துச்சு? நாய் வந்துச்சு. ரெண்டு. நாய் ஏன் வந்துச்சு? வாய்க்காலத் தாண்டிருச்சு. மூணு. எப்படித் தாண்டுச்சு?" பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மூட்டைய எடுத்துட்டேல்ல தம்பி?"

"எடுத்துட்டேன்கா. நேத்து சாயங்காலமே."

வேலிமுள்ளில் காய்ந்த சாக்குகளை ஒரு தடவை பார்த்தார். சந்தேகத்தோடு பார்க்கவில்லை. சரிபார்க்கிற வேலைக்காரர் என்பதால் பார்த்தார். தலையாட்டிவிட்டு நோட்டில் 'மூட்டை – இல்லை' என்று எழுதி டிக் போட்டார். அந்த டிக்கை நான் தலைகீழாகப் பார்த்தேன்.

அதற்குமேல் அவரே கேட்டு அவரே எழுதினார். மூட்டை இல்லை என்றால் நாய் நீந்தித்தான் வந்திருக்க வேண்டும். ஏன் இத்தனை நாள் நீந்தவில்லை, நேற்று மட்டும் நீந்தியது? குச்சியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு வாரத்தில் தண்ணீர் மூன்று விரல் இறங்கியிருந்தது. ஆழம் குறைந்துவிட்டது. ஏன் குறைந்தது? அவர் போட்ட கணக்கு தவறு. ஐந்தாவது வரியில் அதை எழுதினார். 'வாய்க்கால் முறை இங்கே ஆகாது. என் அளவு பிழை.'

"உங்க அளவு சரியாத்தான்கா இருந்துச்சு" என்றேன். அதுவரை வந்த வார்த்தை அதற்குமேல் வரவில்லை.

"சரியா இருந்தா ஏன் தம்பி இப்படி ஆகுது?" நோட்டை மூடினார். "ஆபீசருக்கு எழுதணும். வாய்க்கால் வெட்டினா நாய் வராதுன்னு நேத்துதான் அவர்கிட்ட அடிச்சுச் சொன்னேன். பலிக்கலன்னு இன்னிக்கே எழுதிரணும்."

"எழுதாம இருந்தா என்னக்கா? போர்டு வச்சுட்டுப் போறாங்க."

"பொய் சொல்லி வாங்குற போர்டு நமக்கு எதுக்கு?"

எழுந்து மணலைத் தட்டினார். இரண்டாவது ஷிஃப்டுக்காவது போகிறேன் என்றார். கிளம்புகிற நேரத்தில் என்னிடம், "எழுபது நாள் வெயில்ல கெடந்த. உன் மேல ஒரு தப்பும் இல்ல. வேலை இல்லைன்னு கவலப்படாத, எங்க கேன்டீன் கான்ட்ராக்டர்ட்ட சொல்லி வைக்கேன். நாளைக்குக் காலையில கேட்டுக்கு வந்து எனக்கு ஒரு ஃபோன் பண்ணு" என்றார்.

ஸ்கூட்டர் கண்ணுக்கு மறைந்ததும் தார்ப்பாயை அவிழ்த்து மடித்து வைத்தேன். பரிசலைக் கவிழ்த்துப் போட்டேன். பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். திட்டுக்கு மேலே நாற்பது ஐம்பது ஆலாக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு மீனோடு இறங்கின. கொடுக்க ஆள் இல்லாமல், மீனை மூக்கில் வைத்துக்கொண்டே மறுபடி எழும்பின.

மறுவருஷம் சித்திரையில் ஒரு லோடு வண்டியில் அந்த வழியாகப் போனேன். டிரைவரிடம் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சொல்லி வண்டியை நிறுத்தி, ஒரு பர்லாங் உள்ளே ஓடிப்போய்க் கரை ஏறிப் பார்த்தேன். வாய்க்கால் தூர்ந்துபோய்க் கழுத்து காய்ந்து வெடித்திருந்தது. போர்டு இல்லை. பெயின்ட் குச்சி மட்டும் தண்ணீரில்லாத இடத்தில் நின்றது. திட்டின் மேல் ஆடுகள் நின்றன. ஆலா நாலைந்துதான், அதுவும் தூரத்தில். அந்த வாய்க்கால் முறை பலித்த முறை. எழுபது நாள் பலித்தது. அதைப் பலிக்காத முறை என்று ஒரு நோட்டில் எழுத வைத்தவன் நான். நோட்டில் எழுதியதை அந்த அக்கா மீற மாட்டார்.

திட்டை விட்டு நடந்த அன்றைக்கு ஓசூர் போய்ச் சேர இருட்டிவிட்டது. பஸ் ஸ்டாண்டு குழாயில் சட்டையைக் கசக்கி உடுத்தினேன், எச்சக் கறை போகவில்லை. ஒரு தூணோரம் பாயை விரித்தேன்.

காலையில் அக்காவின் கம்பெனி கேட் வரை போனேன். உள்ளே போகிற வரிசை நீளமாக இருந்தது. ஃபோனை எடுத்தேன். கேன்டீனில் தட்டுக் கழுவிக்கொண்டு தினமும் அவர் முகத்தைப் பார்த்து "சாப்பிட்டாச்சா தம்பி" என்பதற்குப் பதில் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். ஃபோனைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு தெரு தள்ளிச் சாலையோரம் கேபிள் பதிக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ஓர் ஆள் குறைகிறது என்று கத்திக்கொண்டிருந்தார்.

"மண் வெட்டுவியா?"

"வெட்டுவேங்க."

"எங்க வெட்டியிருக்க?"

"ஏரியில. வாய்க்கால்."

"எவ்வளவு ஆழம்?"

"நாய் தாண்டாத ஆழம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "இங்க நாய் தாண்டினா பரவால்ல, நேரா வெட்டு, அது போதும்" என்று மண்வெட்டியைக் கொடுத்தார்.

பத்து மணிக்குள் குழி ஒரு டீக்கடையை ரோட்டிலிருந்து அறுத்துவிட்டது. கடைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஏம்பா, என் கஸ்டமரெல்லாம் பறந்தா வருவாங்க? ஒரு பலகை போடு." மேஸ்திரி கண்ணைக் காட்டினார். ஒரு பலகையைக் கொண்டுவந்து குறுக்கே போட்டேன்.

பன்னிரண்டரைக்குச் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. அக்காவின் கம்பெனியில் அது சாப்பாட்டு நேரம். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. குழிக்குள் நின்று, அது நிற்கிற வரை மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு எல்லோரும் கை கால் கழுவப் போனார்கள். நான் பலகையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன்.

"அட, அத எதுக்குப்பா எடுக்கிற?" என்று கடைக்காரர் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "காலையில அஞ்சு மணிக்குக் கடை திறக்கணும், யார் வந்து போடுவா?"

"நான் வந்து போடறேங்க" என்றேன். பலகையைக் கரையோரம் இழுத்துச் சாய்த்து வைத்தேன். மறுநாள் நாலே முக்காலுக்கே போய்ப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.